தேன்மொழி திரையில் இருந்த திண்ணனூர் நாடு

மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தேன்மொழி கம்ப்யூட்டர் கடை போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதலில் வந்தது விண்டோஸ் எக்ஸ்பி. திரையைத் திறந்தால் பச்சை மேடும் நீல வானமும். "மலைமேல வந்தும் இதுக்குள்ளயும் மலைதானா?" என்று சிரித்தாள். பிறகு ஏழு வந்தது. எட்டு என்று ஒன்று இருந்ததாம், அது இங்கே வரவே இல்லை. அப்புறம் பத்து. ஒவ்வொரு தடவையும் பட்டன்கள் இடம் மாறும். இரண்டு நாள் திட்டுவாள், மூன்றாம் நாள் பழகிக்கொள்வாள்.

மனு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குப் பெயர் வைக்கிற வழக்கமே கிடையாது. ஊரில் யார் வீடு எங்கே இருக்கிறதோ, திரையிலும் அங்கேயே இழுத்து வைத்துவிடுவாள். ஓடைக்கு மேற்கே இருப்பவர்கள் இடது பக்கம், கோயில் மேட்டுக்காரர்கள் உச்சியில். எல்லாவற்றுக்கும் அடியில் 'நியூ ஃபோல்டர்' என்றும் கூடவே ஒரு நம்பரும்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள்கூட விரலை நீட்டி, "அதா, எங்கூடு" என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

போன மாசம் பதினொன்று ஏறியது. ஏற்றிவிட்டவன் சேந்தமங்கலத்துச் சின்னராசு. நல்ல வேலைக்காரன், ஆனால் சொன்னதோடு நிற்க மாட்டான். கலைந்து கிடக்கிறதே என்று இருநூற்றுச் சொச்சம் ஃபோல்டரையும் வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையிலேயே பாப்பாத்தி ஓடிவந்தாள். செத்துப்போன புருஷன் செல்வம் பட்டா கேட்டுக் கொடுத்து, சீல் வாங்கிய மனுவின் நகல் வேண்டும். மதியம் நாமக்கல்லில் விசாரணை. அது இல்லையென்றால் மிளகுத் தோட்டம் கைவிட்டுப் போய்விடும்.

"எட்டரை பஸ்ஸப் புடிக்கோணும் கண்ணு."

திரையில் எந்த வீடும் பழைய இடத்தில் இல்லை. தேன்மொழி ஒவ்வொன்றாகத் திறந்தாள். சென்றாயன் வீட்டு ரேஷன் கார்டு, யாருடையதோ சாதிச் சான்று. இப்படிப் போனால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு பெயர் வைக்க எனக்கு என்ன கேடு என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எப்பங்கக்கா எழுதினோம்?"

"வருசமெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஓரி விழாவுக்கு மொத நாளு. அடுத்த மாசிக்குள்ள அவரு போயிட்டாரு."

"அண்ணன் போனது கொரோனாவுக்கு முந்தின வருசமுங்க." தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓரி விழா வருஷாவருஷம் ஆகஸ்ட் இரண்டில் தொடங்கும்; அப்படியானால் அந்த மாசிக்கு முந்தின ஆகஸ்ட். ஃபோல்டர்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். 2018, ஆகஸ்ட் ஒன்று. அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திறந்தாள். செல்வத்தின் கையெழுத்தும் சீலும் தெரிந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

பிரிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, "இனிப் பேரு வெச்சரலாமுங்க. அண்ணன் பேரே போடட்டுங்களா?" என்றாள்.

பாப்பாத்தி பிரிண்டரில் வந்த தாளைக் கையில் எடுத்தாள்.

"காயிதத்துல பூராவும் அவரு பேருதான் கண்ணு. மொளகுக் கொடி நட்டதும், தண்ணி சுமந்ததும் நானு. இதுலயாச்சும் எம்பேரு இருக்கட்டும்."

தேன்மொழி 'பாப்பாத்தி' என்று அடித்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பாப்பாத்தி நகரவில்லை.

"எது எம்பேரு? காட்டு, பாத்துட்டுப் போறேன்."