நூற்று நாற்பத்தைந்தாவது புத்தகம்

ஊசி மடிப்புக்குள் இறங்கி, இரண்டு விரற்கடை தள்ளி வெளியே வந்தது. வலது கை நூலை இழுக்க, இடது கட்டைவிரல் மடிப்பை அழுத்திப் பிடித்திருந்தது. நூலை மடிப்பின் வாக்கிலேயே இழுக்க வேண்டும்; தூக்கி இழுத்தால் தாள் அறுந்துவிடும். அது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. தேன்மெழுகு தேய்த்த நூல் சத்தமில்லாமல் ஓடியது. எட்டுத் தாள் சேர்ந்தது ஒரு பாரம். ஒவ்வொரு பாரமும் அதற்கு முந்தியதோடு ஒரு முடிச்சில் சேர்ந்துகொண்டே வந்தது. இங்கிலீஷ் பௌதிகப் புத்தகம் அது. கூலி கிடையாத புத்தகம்.

கைகளுக்கு உரியவர் இஞ்ஞாசிமுத்து. வயது இருபது. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் கிறிஸ்தவத் தெருவில் வண்டிக்காரர் சவரிமுத்துவின் மகன். அந்தத் தெருவிலிருந்து மதுரைக்குக் காலேஜ் படிக்கப்போன முதல் ஆள். பாதியில் திரும்பி வந்த முதல் ஆளும் அவர்தான்.

படிக்க அனுப்பியது மதுரையிலிருந்த ஒரு கல்விச் சகாய நிதி. மாதம் ஒன்பது ரூபாயை நேராக ஹாஸ்டலுக்குக் கட்டிவிடும். பாடப் புத்தகங்களை இரவலாகக் கொடுக்கும். 1936 ஜூலையில் சேர்ந்தார். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குமுளி மலைப்பாதையில் வண்டி குடைசாய்ந்து சவரிமுத்துவின் தொடை எலும்பு முறிந்தது. வீட்டில் இரண்டு மாடுகள், இரண்டு தங்கைகள். எஸ்டேட்டுகளுக்கு அரிசி ஏற்ற வேறு ஆள் இல்லை. லீவுக்கு வந்தவர் அப்படியே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

படிப்பை விடும்போது செய்யவேண்டியதையும் வீட்டார் செய்யாமல் இல்லை. அவர் தாய் அன்னத்தாய் உபதேசியாரிடம் போய்ச் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசையில், கல்யாண அறிவிப்பு ஓலைகளோடு சேர்த்து, "சவரிமுத்து மகன் இஞ்ஞாசிமுத்து தகப்பன் சுகவீனத்தால் காலேஜை நிறுத்தியிருக்கிறார், வேண்டிக்கொள்ளுங்கள்" என்று அறிக்கை வாசிக்கப்பட்டது. அந்தத் தெருவில் ஒரு விஷயம் கோயிலில் வாசிக்கப்பட்டால் அது எல்லோருக்கும் சொன்னதாக ஆகிவிடும். அதற்குமேல் காகிதம் எழுதும் வழக்கம் இல்லை. நிதியும் கோயில்காரர்கள் நடத்துவதுதானே, அவர்களுக்குப் போய்ச் சேராமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இஞ்ஞாசிமுத்துவும் அப்படித்தான் நினைத்தார்.

ஏப்ரலில் நிதியின் காரியதரிசி பீட்டர்ராஜிடமிருந்து கடிதம் வந்தது. 'இடையில் நிற்பவர் பதினைந்து நாளுக்குள் காரணத்தை எழுதித் தெரிவித்தால், படித்த மாதங்களின் பணத்தைக் கேட்பதில்லை. நீர் எழுதவில்லை. மார்ச் வரை ஹாஸ்டலுக்குப் பணம் கட்டிவிட்டோம். ஒன்பது மாதத்துக்கு எண்பத்தொரு ரூபாயையும் புத்தகங்களையும் திருப்பித் தரவேண்டும். அதுவரை உம் கோயில் பங்கைச் சேர்ந்த வேறு எவருக்கும் உதவி தருவதற்கில்லை.'

ஒரு கடுதாசி. முக்காலணா தபால். அதை எழுதியிருந்தால் ஒரு காசு கூடக் கடன் இல்லை.

கடைசி வரிதான் தெருவைச் சுட்டது. அதே தெருவிலிருந்த வியாகுலமேரியின் மகள் செலின் கன்னியர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. அதை முடித்துத் திருச்சிக்குக் காலேஜ் போகவேண்டும் என்பது அவள் எண்ணம். நிதி இல்லாவிட்டால் அது நடக்காது. வியாகுலமேரி கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள்.

"ஏலே இஞ்ஞாசி, நீ தின்ன ஹாஸ்டல் சோத்துக்கு எம்புள்ள பட்டினி கிடக்கணுமாலே?"

"ஆறு மாசந்தான் சித்தி தின்னேன். மிச்சம் மூணு மாசம் எவன் தின்னான்னு தெரியல."

"சிரிப்பு வருதாக்கும்! எம்புள்ளைக்குப் பதில் சொல்லிட்டுச் சிரி."

"சொல்றேன் சித்தி" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கிணற்றடியில் அவர் வேடிக்கை பேசியதில்லை.

ஒரு வருஷ வண்டி வாடகையில் மாட்டுக்கும் வீட்டுக்கும் போக இருபத்தேழு ரூபாய் அனுப்ப முடிந்தது. ஐம்பத்து நாலு ரூபாய் நின்றது. அதற்கு வழி திறந்தது புத்தகங்களில்.

இரவல் புத்தகங்களை வண்டியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மலையில் ஒரு மழை பௌதிகப் புத்தகத்தை ஊறவைத்து முதுகைப் பிரித்துவிட்டது. அப்படியே திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை. சாக்கு ஊசியால் குத்தித் தைத்து, ஜவுளிக்கடை அட்டையும் காடாத் துணியும் போட்டு, மற்றப் புத்தகங்களோடு அனுப்பினார். பீட்டர்ராஜ் பதில் எழுதினார்: 'பதினோரு வருஷத்தில், கொடுத்ததைவிட நல்ல நிலையில் ஒரு புத்தகம் திரும்பி வந்தது இதுவே முதல் தடவை. பைண்டு செய்தவர் யார்? இங்கே நூற்று நாற்பத்து நாலு புத்தகங்கள் கந்தலாகக் கிடக்கின்றன.'

கடனைத் தள்ளிவிடும்படி இஞ்ஞாசிமுத்து கேட்கவில்லை. புத்தகத்துக்கு ஆறணா, நூலும் துணியும் தன் செலவு என்று எழுதினார். நூற்று நாற்பத்து நாலு ஆறணா சரியாக ஐம்பத்து நாலு ரூபாய். ஜூன் பதினைந்துக்குள் முடிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, 1938 பிப்ரவரியில் இரண்டு சாக்கு பஸ்ஸில் வந்து இறங்கியது.

அதற்கப்புறம்தான் அவர் வேலையைக் கற்றார். சொல்லித்தர ஆள் இல்லை. தாயின் பழைய செபப்புத்தகத்தைப் பிரித்து, நூல் எங்கே நுழைந்து எங்கே திரும்புகிறது என்று பார்த்தார். அன்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டார். "பாவம்டா! செபத்தையே பிரிக்கிறியே!" முதலில் காய்ச்சிய பசையைக் கரப்பான் தின்றது. மயில்துத்தம் கலந்து மறுபடி காய்ச்சினார். அழுத்தம் வைக்க வீட்டு அம்மிதான். நாலு மாதம் அந்த வீட்டில் சட்னி கிடையாது. வாரத்தில் மூன்று நாள் வண்டி, மிச்சம் புத்தகம். ஒன்றையும் அவசரமாகச் செய்ததில்லை. பிற்காலத்தில் கம்பம் வரைக்கும் அவர் கட்டிய புத்தகங்கள் போயின. அவை முதுகு விட்டதாக யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஜூன் எட்டாம் தேதி நூற்று நாற்பதை அனுப்பினார். பீட்டர்ராஜின் பதிலோடு ஒரு பொட்டலமும் வந்தது. 'வேலை திருப்தி. செலினுக்கு உதவி தரச் சம்மதம். உம்மிடம் மிச்சமுள்ள நாலும், இத்துடன் வரும் பௌதிகமும் அந்தப் பெண்ணுக்கு உரியவை. ஐந்தையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பும். அது வந்ததும் உம் பேரிலுள்ள பாக்கி தீர்ந்தது.'

பொட்டலத்தைப் பிரித்தார். அவர் முதலில் தைத்த அதே புத்தகம். அட்டை புதுசாகவே இருந்தது. திறந்தார். சாக்குத் தையல் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருந்ததால் பக்கம் பாதிதான் விரிந்தது. ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டெழுத்து மடிப்புக்குள் இருந்தது. விட்டால் தானாக மூடிக்கொண்டது. கத்தியை எடுத்துத் தையலை அறுத்தார்.

செலின் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. புத்தகம் எப்போது கைக்கு வரும் என்று பார்க்க வந்த வியாகுலமேரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே! நல்லா இருக்கிற புத்தகத்த ஏண்டா பிரிக்கிறே? மதுரைக்காரக பாத்து மெச்சுனாகன்னு நீதானே சொன்னே?"

"அவுக அட்டையைப் பாத்தாக சித்தி. படிக்கப்போறது செலினு."

"இதுக்குக் கூலி உண்டா?"

"இல்ல."

"நாளன்னைக்கு விடிய பஸ்சு. முடியலேன்னா?"

"முடியும்."

வியாகுலமேரி உள்ளே வந்து, தரையில் கிடந்த ஒரு தாளை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு, "அம்மி வேணும்னா எங்க வீட்டுதையும் தூக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குத்திய ஓட்டைகளில் மடிப்பு நைந்திருந்தது. மெல்லிய காகிதத்தை நறுக்கி ஒவ்வொரு மடிப்புக்கும் ஒட்டுப் போட்டு நிழலில் உலர்த்தவே ஒரு பகல் ஆயிற்று. மறுநாள் காலையில் ஊசியைக் கோத்தார். உச்சிப்பொழுதுக்கு அட்டை ஏறியது. இரண்டு அம்மிகளுக்கு நடுவில் புத்தகம் சாயங்காலம் வரை கிடந்தது.

வெயில் தாழ்ந்ததும் செலின் வந்தாள். நாலு புத்தகங்களை வாங்கிக்கொண்டாள். ஐந்தாவதை இஞ்ஞாசிமுத்து நடுவில் திறந்து பலகைமேல் வைத்துக் கையை எடுத்தார். மூடவில்லை. தட்டையாகக் கிடந்தது.

செலின் குனிந்து முதல் தாளைப் புரட்டினாள். இரவல் வாங்கியவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'இடையில் நின்றவர்' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, புதுத்தாள் ஒட்டும்போது இதையும் சேத்து ஒட்டி மறைச்சிருக்கலாமே?"

"அது புத்தகத்துத் தாளு. என்னுது இல்ல. கீழ இடம் இருக்கு பாரு, உம் பேர எழுது."

எழுதினாள். ரசீதிலும் கையெழுத்துப் போட்டாள். மை உலரும்வரை இஞ்ஞாசிமுத்து காத்திருந்தார்.

"நிக்கிற மாதிரி ஏதும் வந்தா, கோயில்ல வாசிச்சாப் போதும்னு இருந்துறாதே. ஒரு கடுதாசி எழுதிரு."

"நான் நிக்கமாட்டேன் அண்ணே."

"சரி ஆத்தா" என்று சொல்லி, புத்தகத்தை மூடி, துணியால் ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.