புளியமர நிழலில் ஒரு சோலார் வேன்

பழைய வேனை வீடு போல மாற்றி ஊர் சுற்றுவது என் நெடுநாள் ஆசை. மனைவியின் இன்சுலினுக்காக அதில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வைத்தேன். அதை ஓட்ட சோலார் பேனலும் பேட்டரியும் வாங்கக் கீரனூரில் ஒரு கடைக்குப் போனேன்.

“கூரையில பதிக்காதீங்க சார். நீள வயரோட மடக்குற பேனலா வாங்கிக்கங்க, தனியா வெயில்ல விரிச்சு வைக்கலாம். நம்ம ஆளுங்க வண்டியை வெயில்ல நிறுத்த மாட்டாங்க,” என்றார் கடைக்காரர். விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, கூரையிலேயே பதிக்கச் சொன்னேன்.

முதல் பயணம் குடுமியான்மலைக்கு. இரண்டாம் நாள் காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியும் பலனில்லை. மருந்து கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் கடைக்காரருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன்.

“மட்டமான பேனலைக் குடுத்து ஏமாத்திட்டீங்க.”

“வண்டி எங்க நிக்கிது சார்?”

“புளியமரத்தடியில. நல்ல நெழலாப் பாத்துத்தான்...” சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்; பேனல் முழுக்க மர நிழல்.

அவர் சிரிக்கவில்லை. “மொதல்ல மருந்தை ஈரத்துணியில சுத்தி வைங்க. வண்டியை வெயிலுக்குக் கொண்டு போங்க. என்னைய அப்பறம் திட்டலாம்.”

மதியத்துக்குள் ஃபிரிட்ஜ் ஓடியது, மருந்தும் தப்பியது. அவரிடம் “ஓடுது” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

பேனல் இன்னும் கூரையில்தான் இருக்கிறது. மடக்கும் பேனல் வாங்க வேண்டுமென்றால் அந்தக் கடைக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் வேனை வெயிலில் நிறுத்திவிட்டு வெந்துகொண்டிருக்கிறேன்.