பொறுங்க அக்காவும் பத்து நிமிடமும்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுக்குப் 'பொறுங்க அக்கா' என்று பெயர். கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். எந்த அறையிலிருந்து போன் வந்தாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே "பொறுங்க" என்பாள். ஊரையே பொறுக்கச் சொல்லும் இந்த மகராசிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. லிஃப்ட் பொத்தானை நாலு தரம் அமுக்குவாள். புருஷன் சட்டை மாட்டினால் பாதிப் பொத்தான்களை இவளே போட்டுவிடுவாள்.

நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த பழைய சர்வர் ஆமையாக நகர்ந்தது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுப்பேன் என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றார். "மெமரி கூட்டினா பறக்கும் சார்" என்று இவள் சவடால் விட்டிருந்தாள். இன்று ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது சர்வர் ஓடாவிட்டால், அதோடு சேர்ந்து இவளும் வெளியே. அதுதான் பேச்சு.

ஏழு மணிக்கே வந்து பழைய மெமரிப் பட்டைகளோடு நாலு புதியவற்றையும் செருகினாள். மூன்று பீப், திரை இருட்டு. பழைய பட்டைகளை மட்டும் விட்டுப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் எழுந்தது. புதியதில் ஒன்றை மட்டும் போட்டாள், அப்போதும் எழுந்தது. தனித்தனியாகத் தங்கம், சேர்ந்தால் ரகளை. அப்புறம்தான் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பெரிய பட்டைகள் முன்னால் ஜோடி ஜோடியாக, சின்னவை பின்னால் என்று போட்டிருந்தது. இந்த அவசரக்குடுக்கை கைக்கு வந்தபடி செருகியிருந்தாள். தலையில் குட்டிக்கொண்டு மாற்றினாள். பீப் நின்றது. துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது, குதித்தும் விட்டாள்.

ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தாள். பட்டைகளைத் துடைத்துச் செருகிப் போட்டாள். மறுபடி இரண்டு நிமிடம், மறுபடி அணைப்பு. ஆறாவது தடவை போட்டபோது மணி எட்டு நாற்பத்தெட்டு.

டோக்கன் கவுண்டரில் உட்காரும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, வெளிய எழுபது பேர் நிக்கறாங்க. ஆச்சா?"

"செத்துப்போச்சுடி. ரெண்டு நிமிஷமாச்சு, மூச்சே இல்ல." கை பொத்தானுக்குப் போனது. நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழும்போது மெமரியை எண்ணிப் பாக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"பதினாறு ஜிபி."

"இப்போ?"

"எண்பது."

"பதினாறுக்கு ரெண்டு நிமிஷம்னா எண்பதுக்குப் பத்து ஆகாதா? வாசல்ல ஆளுங்களை எண்ணும்போது நடுவுல யாராச்சும் கூப்பிட்டா நானும் முதல்லேர்ந்துதான் எண்ணுறேன். பாவம், அதை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

பொறுங்க அக்காவுக்கு முதலில் முகம் வெளுத்தது, பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அசைந்தபோதெல்லாம் நாத்தனார் முறைத்தாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு மேலாளர் வந்தார். கறுப்புத் திரையைப் பார்த்தார். "சரி, அந்த வெளிக் கம்பெனிக்கே போன் போட்டுடறேன்" என்று செல்போனை எடுத்தார்.

அவள் எழுந்து பொத்தானை மறைத்து நின்றாள். "பொறுங்க சார்." வாய்க்குப் பழகிய சொல்தான். ஆனால் அதை நம்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டு ஐம்பத்தெட்டுக்குத் திரை வெளிச்சமானது. எண்பது என்று காட்டியது. அவள் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னதான் கோளாறு?" என்றார் மேலாளர்.

"சர்வர்ல ஒண்ணுமில்ல சார். அது எண்ணி முடிக்க நான்தான் விடல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே அதைத் தொடறதா இருந்தா, முதல்ல உங்க நாத்தனாரைக் கூப்பிட்டுக்கங்க."

அன்று மாலை லிஃப்ட் பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அமுக்கினாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் அவள் கையை விடவே இல்லை.