உள்ளே கேட்ட சத்தம்

ஃபிஜித் தீவில், பினாங்கு கரும்பு மில்லுக்குப் போகிற சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு சைலன்சர் வேலை பார்த்துவந்த அப்பாசாமிக்கு, ஓடிப்போகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஓடிப்போகிறவர்கள் என்றால் திருடர்கள் இல்லை, பிளேன் ஏறுகிறவர்கள். எண்பத்தேழில் பட்டாளம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் மூட்டை கட்டினார்கள். ஒருவன் ஆக்லாந்துக்கு, இன்னொருவன் சிட்னிக்கு. நாந்தி விமான நிலையத்தில் சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது இவர் ஓரமாக நின்று, "ஓடுங்கடா ஓடுங்க. அங்கயும் எவனாச்சும் துப்பாக்கி தூக்கினா அப்புறம் எங்க ஓடுவீங்க?" என்று கேட்டார். அழுதவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு இவரை முறைத்தார்கள். அதில் மனிதருக்கு ஒரு திருப்தி.

வாய்தான் அப்படி. வேலைக்காரர் என்ற முறையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கடல் காற்றின் உப்பு கரும்பு லாரிகளின் சைலன்சர்களைத் தின்றுகொண்டே இருந்ததால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமும் இல்லை. ஓட்டை விழுந்த வண்டி தூரத்தில் வரும்போதே, எந்த இடத்தில் ஓட்டை என்று கொட்டகைக்குள் இருந்தபடி சொல்லிவிடுவார். வண்டிக்குள் கேட்கும் சத்தத்தை அவர் அறிந்த அளவுக்கு மனுஷிக்குள் கேட்பதை அறிந்தாரா என்பதுதான் இந்தக் கதை.

மனைவி ஜான்கி அதிகம் பேசாதவள். மற்ற வீடுகளைப் போல அந்த வீட்டிலும் பேச்சு ஃபிஜி ஹிந்திதான். தமிழ் கோயிலில் இருந்தது. அப்புறம் மகள் நிலேஷ்னிக்குத் தெரியக் கூடாததைப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளும்போது வெளியே வந்தது. மகள் கல்யாணமாகிப் பிரிஸ்பேனுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பயம், நோய், சண்டை எல்லாம் தமிழில்தான். ஆனால் எப்போதாவது எடுக்கிற மொழியில் சொற்கள் எத்தனை மிஞ்சும்? ஜான்கிக்கு வயிறு, நெஞ்சு, மனசு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் இருந்தது: 'உள்ள'. உள்ள வலிக்குது என்றால் வயிற்று வலி. உள்ள சரியில்லை என்றால் கவலை. அப்பாசாமி முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுகொள்வார். பார்க்காத நாளில் தப்பாகப் புரிந்துகொள்வார்.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில், இந்தியர் கையில் ஆட்சி கூடாது என்றவர்களால் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்தது சுவாவில், நடுங்கியது கரும்புக் காட்டு வீடுகள் எல்லாம். ஒரு நாள் மத்தியானம் அப்பாசாமி கொட்டகையில் இருந்த நேரம், முகத்தில் துணி கட்டிய ஆட்கள் ஒரு கேரியர் லாரியில் வீட்டுக்கு வந்தார்கள். ஜான்கி சமையலறை வழியாக ஓடிக் கரும்புக்குள் புகுந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர்கள் கோழிகளைப் பிடித்தார்கள், ரேடியோவை எடுத்தார்கள், சாமி மாடத்தைக் காலால் உதைத்தார்கள். அவ்வளவு நேரமும் லாரியின் எஞ்சினை அணைக்கவில்லை. ஊங்ங்... என்று ஒரே சீராக அது முற்றத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. அவள் படுத்திருந்த மண்ணுக்குள்ளும் அந்த முனகல் வந்தது.

அவர்கள் போய்விட்டார்கள். அப்பாசாமி தன் பழைய வேனில் வீடு திரும்பினார். வண்டிச் சத்தம் கேட்டதும், அவர்கள்தான் திரும்ப வந்துவிட்டார்கள் என்று ஜான்கி கரும்புக்குள் இன்னும் ஆழமாக ஓடினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியில் கையும் முகமும் கரும்புச் சோகை கிழித்த கோடுகளாக வெளியே வந்தவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"வந்தது நீங்கதானு எனக்கு எப்படீங்க தெரியும்?"

மறுநாள் பக்கத்துக் கிராமத்துத் தச்சன் ஜோனே, கோத்த மீனைக் கையில் தொங்கவிட்டபடி வந்தான். பூர்வகுடி ஃபிஜிக்காரன், அப்பாசாமியோடு ஒரே தானோவா மரச்சட்டியில் நங்கோனா வேர்ச்சாறு குடிக்கிறவன். அன்றைக்கு முற்றத்துக்குள் வரக் கூச்சப்பட்டுச் சாலையிலேயே நின்றான். "பாய், அது எங்க ஊர் ஆளுங்க இல்ல," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாசாமி மீனை வாங்கிக்கொண்டார். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து, கொட்டகையில் கிடந்த சைலன்சர் குழாய்களை வெல்டிங் செய்து வீட்டுக்கு ஒரு கேட் போட்டார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம்.

கேட் வந்தும் பயம் போகவில்லை. எந்த வண்டி சாலையில் போனாலும் ஜான்கி எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவாள். வண்டிக்குள் உட்கார்ந்தாலோ வேறு கூத்து. மாரியம்மன் கோயிலுக்கு வேனில் கூட்டிப்போன நாளில் பாதி வழியிலேயே வாந்தி எடுத்தாள். சாலையோரம் குந்தியிருந்தவளுக்கு அப்பாசாமி தண்ணீர் கொடுத்தார்.

"உள்ள ஊங்குனு ஒரு சத்தம் இருக்குதுங்க," என்றாள். "அது நிக்காம என்னால இந்த ஊர்ல இருக்க முடியாது. நிலேஷ்னிகிட்ட போயிடறேன்."

அப்பாசாமி அப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேனின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கேக்கற சத்தந்தானே? அச்சா, அதை நான் நிப்பாட்டறேன். நின்னா இருப்பியா?"

"நின்னா இருப்பேன்," என்றாள் ஜான்கி.

மனிதருக்கு அது போதும். வேறு எதைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்பார். சத்தத்தை நிறுத்தச் சொன்னால் முழிப்பாரா? வான்கூவருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர் தன் பஜேரோ ஜீப்பைத் தள்ளிவிட ஆள் தேடினார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சைலன்சர் மட்டும் துருப்பிடித்து அடைப்பாகக் கிடந்தது. அப்பாசாமி போய், ஓடிப்போவதைப் பற்றி அவரிடம் நாலு வார்த்தை குத்தலாகச் சொல்லிவிட்டு வேனைக் கொடுத்து, மேலும் கொஞ்சம் கொடுத்து வண்டியை வாங்கிவந்தார். ஓடுகிறவனுடைய வண்டியில் ஓடாதவன் ஏறுகிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த வண்டிக்கு இரண்டு காரியம் வைத்திருந்தார். வெளியே அதற்கு ஒரு குரல் வேண்டும், கேட்டதும் ஜான்கிக்கு 'அவர்தான்' என்று தெரிகிற மாதிரி. உள்ளே அந்த ஊங் இருக்கக் கூடாது.

குரல் சுலபமாக வந்துவிட்டது. பெரிய குழாய் போட்டு, உள்ளே தடையில்லாமல் நேராகப் புகை போகிற சைலன்சரை மாட்டினார். கோயில் மேளத்தில் தொப்பிப் பக்கம் தட்டினாற்போல ஒரு கனமான ஒலி. அந்த வட்டாரத்தில் வேறெந்த வண்டிக்கும் அப்படி இல்லை. உள்ளேதான் தகராறு. நேர்ச்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வண்டியின் கூரையும் தரையும் சேர்ந்து முனக ஆரம்பித்தன. குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களை மாற்றினார். புகை வெளியேறும் முனையைப் பம்பருக்கு வெளியே நீட்டினார். முனகல் அசையவில்லை. இன்னொரு சைலன்சரைச் சேர்த்தார். முனகல் போனது, கூடவே குரலும் போனது. வண்டி சளி பிடித்த ஆளாகிவிட்டது. திட்டிக்கொண்டே கழற்றினார்.

சிட்னித் தம்பி எப்போதோ அனுப்பியிருந்த பழைய வண்டிப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் இருந்தது. பெரிய குழாயின் பக்கத்தில் ஒரு கிளைக் குழாய், அதன் மறுமுனை அடைத்தபடி. எங்கும் போகாத குழாய் எதற்கு என்று முன்பு அதைப் பார்த்துச் சிரித்திருந்தார். இப்போது உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. முனகல் அந்தக் கிளைக்குள் போகும், அடைப்பில் முட்டித் திரும்பும், எதிரே வருகிற முனகலோடு மோதும், இரண்டும் அடங்கும். ஆனால் கிளையின் நீளம் அந்த ஒரு முனகலுக்கென்றே அளந்ததாக இருக்க வேண்டும். அப்பாசாமி உள்ளே முன்னும் பின்னும் நகர்கிற ஓர் அடைப்பைச் செய்து போல்ட்டில் மாட்டினார். ஓட்டிப் பார்ப்பார், இறங்கிப் படுத்து அடைப்பைக் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி ஓட்டுவார். பல நாள் இதே வேலை. ஒரு சாயங்காலம் எண்பதில் போகும்போது முனகல் அறுந்தது. கண்ணாடிச் சன்னலில் மணல் படுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. மனிதர் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். அடைப்பை அந்த இடத்திலேயே வெல்டிங் செய்தார்.

குரல் விஷயம் முதல் வாரத்திலேயே பலித்தது. பாலத்துத் திருப்பத்தில் வண்டி வரும்போதே ஜான்கி அந்தக் குரலைக் கேட்டுவிடுவாள். அவர் வாசலுக்கு வருகையில் கேட் திறந்திருக்கும், அவள் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். அப்பாசாமி ஒரு நாளும் அதற்காக இறங்க வேண்டியிருக்கவில்லை. ஜோனேகூடக் கிண்டல் செய்தான்: "பாய், உன் வண்டிக்குப் பேச வருது."

அப்புறம் அவளை உட்காரவைத்து நேர்ச்சாலைக்கு ஓட்டிப்போனார். எண்பது. முகம் நிறையப் பெருமையோடு கேட்டார்.

"கேக்குதா?"

ஜான்கி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"வண்டியில இல்லீங்க," என்றாள்.

அப்பாசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் காதில் விழுந்தது 'இல்லீங்க' மட்டும்தான்.

பிரிஸ்பேனிலிருந்து நிலேஷ்னி இரண்டு பேருக்கும் விசாவுக்கான காகிதங்களை அனுப்பினாள். அப்பாசாமி தன்னுடையதைத் தொடவில்லை. ஜான்கியைத் தடுக்கவும் இல்லை. சத்தம் நின்றுவிட்டது, சொன்ன சொல் இருக்கிறது, மகள் மனசுக்காக ஜான்கி எல்லாம் எழுதிக் கொடுக்கிறாள், கடைசியில் போகமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தார். சுவாவில் விசாவுக்கான டாக்டர் பரிசோதனைக்கு அவரே ஓட்டிக் கூட்டிப்போனார். வேறு எந்த வண்டியிலும் ஏற முடியாதவள் இவருடைய வண்டியில் அவ்வளவு தூரம் வாந்தியில்லாமல் வந்தாள் என்று ஊரெல்லாம் சொன்னார். வழியில் ரொட்டி வாங்கிக் கொடுத்தபோது விரதம் என்றாள். மாரியம்மனுக்குத் தீமிதி நெருங்கிக்கொண்டிருந்ததால் அவரும் நம்பினார்.

விசா வந்தது. டிக்கெட் வந்தது. பெட்டியும் வண்டியில் ஏறியது. அப்போதும் அவர் நம்பவில்லை. நாந்திக்குப் போகும் வழியில் ரரவாய் மில்லின் புகைபோக்கி தெரிகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. வண்டிக்குள் அவ்வளவு அமைதி. அந்த அமைதியைச் செய்தவர் அவர்தான், ஆனால் அன்றைக்கு அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"சத்தந்தான் நின்னுபோச்சே, ஜான்கி. நின்னா இருப்பேன்னு சொன்னியே."

ஜான்கி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த நாளும் வண்டியில இல்லீங்க. உள்ளனு சொன்னேனே." நெஞ்சில் கையை வைத்தாள். "இங்க. இப்பவும் கேக்குது. தூங்கும்போதும் கேக்குது."

"அப்ப வாந்தி?"

"வண்டி ஏறுற நாள்ல நான் சாப்பிடறதில்லீங்க. சாப்பிட்டாதானே வரும்."

அப்பாசாமிக்குச் சுவா நினைவுக்கு வந்தது, ரொட்டி, விரதம்.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமே."

"எத்தனை நாள் வண்டிக்கு அடியில மண்ணுல படுத்துக் கிடந்தீங்க. எப்படிச் சொல்றது? போறதாவது உங்க வண்டியில போகலாம்னு இருந்தேன்."

விமான நிலையத்தில் கூட்டம் அழுதுகொண்டிருந்தது. ஜான்கி, "நீங்களும் வந்துருங்க," என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. எண்பத்தேழில் அதே இடத்தில் நின்று பேசிய வாய் அது. தலையை மட்டும் ஆட்டினார். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகு, அழுகிறவர்கள் நடுவே புகுந்து நின்று அவரும் அழுதார்.

திரும்பி வரும்போது மலைமேல் இன்னும் வெயில் இருந்தது. பாலத்துத் திருப்பத்தில் கால் தானாக ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தது. வண்டி தன் குரலைக் கொடுத்தது. வாசலுக்கு வந்தால் கேட் மூடியிருந்தது. எஞ்சின் ஓட, அவர் உட்கார்ந்தே இருந்தார். இன்னும் ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்தார், சமையலறையில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்பதுபோல.

அப்போதுதான் அது கேட்டது. ஊங்ங்... மெல்லிய முனகல். வெல்டிங் விட்டிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

முனகல் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம் இறங்கிப் போய், கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு உள்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தடவிக் கண்டுபிடித்து, கேட்டைத் தானே திறந்தார்.