ஜாதகம் இருந்தது, பதிவு இல்லை

1975 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை. கிழமையில் சந்தேகமில்லை. சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கேற்ற அன்று ஒரு பெண்கூட வரவில்லை. நகருக்கு வெளியே தூரத்திலிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தியக் குடும்பங்களை ஏற்றிச் செல்லத் தூதரகத்தில் பட்டியல் எழுதினார்கள். அதில் என் பெயர் இருந்தது. மனைவி பெயரும் இரண்டு வயது மகள் பெயரும் இல்லை. மனைவி வியட்நாம்காரி, கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருந்தேன். மகள் பிறந்ததும் காரைக்காலுக்கு எழுதி ஜாதகம் வரவழைத்தேன். நாழிகை, விநாடிகூட அதில் உண்டு. நகராட்சியில் மட்டும் எதையும் பதியவில்லை; பதிவுச் சான்று இல்லாமல் தூதரகத்தில் பெயர் சேர்க்க மாட்டார்கள். எங்களில் பலர் அப்படித்தான் இருந்துவிட்டோம்.

என் தங்கை சட்டம் படித்தவள். பெண்களின் மேற்படிப்புக்கான உதவித்தொகையில் பிரான்சுக்குப் போய், பதிவில்லாத திருமணங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு வந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. அவள் ஊர் என்று எழுதிக் கொடுத்தது சைகோனை. திரும்பி வந்தபோது பக்கத்துத் துணிக்கடைக்காரர் சீண்டினார்.

"அவ்வளவு தூரம் போயும் ஒரு மாப்பிள்ளை பிடிக்காம வந்துட்டியேம்மா!"

"மாப்பிள்ளை பிடிக்கவா மாமா காசு குடுத்தாங்க?"

அவளிடம் என் நாட்குறிப்பைக் கொண்டுபோனேன். மகள் பிறந்த நாள் அதில் இருந்தது. கொடுக்கக் கை வரவில்லை. அதே தாளின் பின்பக்கத்தில், சைகோன் அரசின் படையிலிருந்து ஓடிவந்த மைத்துனன் எங்கள் பரணில் ஒளிந்த நாளையும் எழுதியிருந்தேன். அன்றைக்கும் அவன் பரணில்தான் இருந்தான். அதிகாரி யாராவது தாளைத் திருப்பிப் பார்த்தால் அவனும் போவான், நானும் போவேன். கிழித்துக் கொடுத்தால் ஏன் கிழித்தாய் என்பார்கள். தங்கையிடம் அதைச் சொன்னேன்.

"நோட்டு வேண்டாம்ணே. அன்னிக்கு வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க, அதை மட்டும் படி."

மருத்துவச்சி, கோயில் குருக்கள், எனக்குப் பதிலாகக் கடையில் நின்ற அதே துணிக்கடைக்காரர். படித்தேன்.

"போதும். நேர்ல தெரிஞ்ச மூணு பேர் நீதிபதி முன்னாடி சொன்னா, பிறப்புச் சான்றுக்குப் பதிலா ஒரு பத்திரம் தருவாங்க. கல்யாணத்துக்கும் அப்படித்தான். நீ முதல்ல இதை அடுப்புல போடு."

ஆறு வருட நாட்குறிப்பு. மனைவி அடுப்பை ஊதினாள். நான் பரணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் போட்டேன்.

வியாழக்கிழமை நீதிமன்றம் போனோம். பாதி மேசைகளில் ஆளில்லை. இருந்த எழுத்தர் துணிக்கடைக்காரரைக் கேட்டார்: "இரண்டு வருடம் முந்திய தேதி எப்படி நினைவிருக்கிறது? யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?"

சட்டையில் புகை வாசம் இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது.

"எழுதுறதா? தைப்பூசத்துக்கு மறுநாளய்யா. கடையை என் தலையில கட்டிட்டு இவன் வீட்டுக்கு ஓடிட்டான். சாயங்காலம்வரை நான் சாப்பிடவே இல்லை. மறக்குமா?" வியட்நாமிய மொழியில் பேசினாலும் துணிக்கடைக்காரர் அப்படித்தான், சண்டைபோல.

எழுத்தர் தங்கையைப் பார்த்தார். "சட்டம் கேட்பது சாட்சியை. எழுத்தை அல்ல," என்றாள் அவள். அவர் நீதிபதி அறைக்குள் போய் வர ஆன நேரத்தில் என் வேட்டி முழுக்க வியர்வை. முத்திரை விழுந்தது.

மறுநாள் முதல் அவள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மற்றக் குடும்பங்களுக்கு இதே பத்திரம் கேட்டு மனு எழுதினாள். வடக்குப் படையிடம் நகரம் கைமாறும்வரை எழுதினாள்.

கைமாறிய அன்று மைத்துனன் தானாகவே பரணிலிருந்து இறங்கி வந்தான். மாதங்கள் கழித்து எங்களுக்கு விமானம் கிடைத்தது. ஏறுமிடத்தில் புதிய சீருடைக்காரர் ஒருவர் அந்தப் பத்திரத்தை வெகுநேரம் பார்த்தார். மனைவி என் விரல்களை நசுக்கினாள். பிறகு அவர் தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. போகச் சொன்னார்.