பிளாஷெனாவின் ஒரே படம்

எழுபத்துமூன்றாம் தெருவில் எனக்கு அடுத்த அறை மத்தோஷ் அண்ணனுடையது. போஹீமியாவிலிருந்து ஒரே கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியவர்கள் நாங்கள். அவரும் மனைவி பிளாஷெனாவும் விடிந்ததிலிருந்து அறையிலேயே உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். மூச்சு விட்டால் புகையிலைத் தூள்தான் உள்ளே போகும்.

ஒரு நாள் நண்பகலில் சுகாதார அதிகாரியோடு ஒரு படக்காரர் வந்தார். ஏழைகள் குடியிருக்கும் அறைகளைப் படம்பிடித்துப் பெரிய மனிதர்களுக்குக் காட்டுகிறாராம். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் இருட்டு. படப்பெட்டியை முக்காலியில் நிறுத்திவிட்டு, வெளிச்சத்துக்காக ஒரு வாணலியில் வெள்ளைத் தூளைக் கொட்டினார்.

"என்ன, அடுப்பில்லாமலே சமையலா?" என்று சிரித்தாள் பிளாஷெனா. புருஷன் பக்கம் திரும்பி, "ஏய்யா, மாப்பிள்ளை கணக்கா நிமிந்து உக்காரு. உன் கூன ஊரே பாக்கப் போவுது" என்றாள்.

தீ வைத்ததும் தூள் பளீரென்று வெடித்தது. அறை முழுக்கப் புகை. அவள் வெகுநேரம் இருமினாள். பல மாதங்களாக இருந்த இருமல்தான் அது. அந்தக் குளிர்காலத்திலேயே அவளைப் புதைத்தோம்.

வசந்தத்தில் அந்தப் படம் ஒரு பத்திரிகையில் வந்தது. வாங்கிக்கொண்டு ஓடினேன். மத்தோஷ் அண்ணன் விளக்கருகில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி இது? இவ அவ இல்லையே."

படத்தைப் பார்த்து யாரோ கையால் வரைந்து அச்சடித்திருந்தார்கள். கூனும் சுருட்டுப் பலகையும் சரியாக இருந்தன. பெண் மட்டும் வேறு யாரோ, வாய் கோணி அழுமூஞ்சியாக.

அந்தப் படக்காரர் ஒரு தேவாலயத்தில் விளக்கொளியால் படம் காட்டுகிறார் என்று கீழே போட்டிருந்தது. மத்தோஷ் அண்ணனை அங்கே அழைத்துப் போனேன். முன்வரிசைகளில் கம்பளிக் கழுத்துப்பட்டைகளும் தொப்பி இறகுகளும். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்துப் பன்னிரண்டு படங்களுக்குப் பிறகு வெள்ளைத் துணியில் பிளாஷெனா வந்தாள், கதவை விட உயரமாக. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன பொழப்பு!" என்றாள் முன்னால் இருந்த சீமாட்டி.

மத்தோஷ் அண்ணன் எழுந்துவிட்டார். "சிரிக்கிறா! அவ சிரிக்கிறா தங்கச்சி, இவங்ககிட்ட சொல்லு!"

நான் சொல்வதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

முடிந்ததும் படக்காரரிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அன்னைக்கு நான் பேருகூடக் கேக்கல. மன்னிச்சுடுங்க" என்றார். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மறுவாரமே படத்தை அட்டையில் ஒட்டி அனுப்பினார்.

உள்ளங்கை அகலப் படம். அதில் அவள் முகம் சுண்டுவிரல் நகத்தளவு. வருகிறவர்களிடமெல்லாம் மத்தோஷ் அண்ணன், "சிரிக்கிறா, தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்போம். எங்களுக்குத் தெரியவில்லை. அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த விளக்குப் படங்கள் எங்கே காட்டினாலும் போவார். ப்ரூக்ளினுக்குப் பாலத்தின்மேல் நடந்தே போனார். ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருந்து, அவள் வந்து போனதும் எழுந்துவிடுவார். நானும் வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி. நீ உன் வேலையப் பாரு."

இரண்டு வருடத்தில் படக்காரர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார். போன வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் மத்தோஷ் அண்ணன் பேசுவது கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சூடாக முட்டைக்கோஸ் சூப் எடுத்துப் போனேன். அறையில் வேறு யாரும் இல்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.