மதகடிப் பள்ளத்து மீன்

இசக்கியப்பனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் மற்ற பையன்கள் துணி துவைத்தார்கள், தாம்பரம் போய் சினிமா பார்த்தார்கள், அல்லது மத்தியானம்வரை தூங்கினார்கள். அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கமாக உள்ளே போனால் வரும் சின்ன ஊரின் ஏரி அது. தொண்ணூற்றொன்பதில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துக்காரன். கார்களுக்கு சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. அவனை ஊரிலிருந்து அழைத்து வந்தவன் மகாராஜா. இரண்டு பேருக்கும் ஒரே தெரு. மகாராஜாவின் அம்மாவுக்குப் பால் இல்லாமல் போனபோது இசக்கியின் அம்மாதான் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அப்பாவு என்பவருடைய வீட்டின் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை. இரண்டு பேரும் அதில்தான் இருந்தார்கள்.

வெளியூர்ப் பையன்களை ஏரியில் மீன் பிடிக்க அந்த ஊர் விடாது. பங்குனியில் தண்ணீர் வற்றும்போது ஊர்கூடி வலை போடுவார்கள். பொன்னியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு பங்கு பிரியும். அதுவரை யாரும் வலையோடு இறங்கக் கூடாது. இசக்கிக்கு மட்டும் அனுமதி கிடைத்ததற்குக் காரணம் அப்பாவுவின் மனைவி கங்கம்மாள்.

கங்கம்மாளுக்கு ஒருமுறை கெண்டை முள் தொண்டையில் மாட்டி, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வரை போய்த்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீனே இல்லை. மீன் கூடைக்காரி தெருமுனையில் கூவினாலே அவள் உள்ளே போய்விடுவாள். ஒருநாள் இசக்கி கால்வாயில் பிடித்த ஜிலேபி மீன்களைக் கொல்லையில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

அவன் கையில் இருந்தது கம்பெனியில் தேய்ந்து எறிந்த ரம்பத் தகடு. அதைத் தீட்டித் தீட்டி வளையும் கத்தியாக்கி, பிடிக்கு சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தான். உள்ளங்கை அகல மீன். செதில்கூட உரசவில்லை. செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கீறல், நடுமுள் தட்டும்வரை. பிறகு கத்தியைப் படுக்கவைத்து முள்ளின்மேலேயே வால்வரை ஓட்டினான். சதையைத் தோலோடு அப்படியே புரட்டிப்போட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவில் கத்தியை விட்டு இழுத்தான். தோல் தனியாக வந்தது. விலா முள்ளை மட்டும் சின்னதாக வகிர்ந்து எறிந்தான். வெற்றிலை மாதிரி ஒரு துண்டு மிஞ்சியது.

"இன்னாபா இது, முள்ளே இல்ல?"

"தடவிப் பாருங்க மதினி."

அவள் பயந்து பயந்து விரலால் தடவினாள். அன்று அந்த வீட்டில் மீன் வறுத்தார்கள். கங்கம்மாள் முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மெல்லாமல் இருந்தாள். பிறகு அழுதபடியே சாப்பிட்டாள். அப்பாவு அடுத்த வாரமே ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். "தூண்டில் போட்டுக்கினு போவட்டும். நம்ம பையன் மாதிரி. நான் பொறுப்பு" என்றார்.

அந்தச் சொல்லை இசக்கி காப்பாற்றினான். கேழ்வரகு மாவும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டைதான் கெண்டைக்கு. ஜிலேபிக்கு மண்புழு. சினை மீன் வந்தால் திரும்ப விட்டுவிடுவான். தண்ணீருக்குள் எங்கெங்கே என்ன இருக்கிறது என்பதைத் தூண்டில் நரம்பு இழுபடுகிற விதத்திலேயே படித்துவிட்டான். மதகுக்குக் கிழக்கே, கருவேல மரங்கள் மூழ்கி நிற்கும் இடத்தில், கம்பெனிக்கு மனை மேடாக்க லாரிகளில் மண் எடுத்துப் போன பள்ளம் ஒன்று இருந்தது. கோடையில் ஏரி சுருங்கச் சுருங்க, பெரிய கட்லாவும் ரோகும் அந்தக் குளிர்ச்சிக்கு வந்து அடையும். ஊர்க்காரர்களுக்கே அது சரியாகத் தெரியாது. இசக்கி அதை ஒரே ஒருவனிடம்தான் சொன்னான்.

"நம்ம ஆத்துல மடு கெடக்குமில்லா, அதே மாதிரிலே. கல்லத் தூக்கிப் போட்டா சத்தமே வேற மாதிரி வரும்" என்றான் மகாராஜாவிடம். அழைத்துப் போய்க் காட்டவும் செய்தான். மகாராஜாவுக்குத் தூண்டிலில் பொறுமை கிடையாது. கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, "எத்தனை கிலோ இருக்கும்லே?" என்று மட்டும் கேட்டான்.

மூன்றாவது வருஷம் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்கள் சிலரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் பெயர் போகும் என்பது லைன் சூப்பர்வைசர் நயினார் கையில் இருந்தது. அவர் தன் பிள்ளைக்குக் காது குத்து வைத்திருந்தார். வெளிநாட்டு மேனேஜரும் விருந்துக்கு வருகிறார், அவருக்கு முள்ளில்லாத மீன் வறுவல் என்றால் உயிர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "நான் பாத்துக்கிடுதேன் சார்" என்று மகாராஜா வாக்குக் கொடுத்துவிட்டான். இதெல்லாம் இசக்கிக்கு அப்போது தெரியாது.

பங்குனி பிறக்கும் நேரம். திருவிழாவுக்கு ஊரில் வசூல் ஆரம்பித்திருந்தார்கள். இசக்கிக்கு அன்று லீவு. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, நைட் ஷிப்ட் முடிந்து வந்த மகாராஜா யூனிபார்மோடு ஒரு கோணிப்பையைக் கொல்லையில் இறக்கினான்.

"படப்பையில வாங்கினேன்லே. நயினார் சார் வீட்டு விசேஷத்துக்கு. முள்ளெடுத்துக் கொடு. நான் போயி ஐஸ் வாங்கிட்டு வாரேன்."

பை நிறைய ரோகும் கட்லாவும். அடியில் ஜிலேபிக் குஞ்சுகளும் கிடந்தன. இவ்வளவு பொடி மீனை எதற்கு விலை கொடுத்து வாங்கினான் என்று நினைத்துக்கொண்டே இசக்கி உட்கார்ந்தான். பொடிசுகளை முதலில் முடித்துத் தட்டில் அடுக்கினான். அவற்றின் சதை ஏனோ கத்திக்கு நிற்காமல் குழைந்தது. பிறகு ஒரு ரோகை எடுத்துச் செவுளுக்குப் பின்னால் கீறி, முள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டினான். வெள்ளையாகப் பிரிய வேண்டிய சதையில் நடுமுள் நெடுக ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. அவன் கை நின்றது. மீனைத் திருப்பி வயிற்றைக் கீறினான். பலூன் மாதிரி உப்பியிருக்க வேண்டிய காற்றுப்பை கந்தலாகக் கிழிந்து கிடந்தது. இன்னொன்றைக் கீறினான். அதுவும் அப்படித்தான்.

தாமிரபரணியில் வெடித் தோட்டா போட்டுப் பிடித்த மீனை அவன் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறான். வலையில் செத்த மீன் இப்படி இருக்காது. விடியலில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது அவனுக்கு நினைவு வந்தது. அந்தப் பக்கம் கல்குவாரிகள் அதிகம். வெடிச் சத்தத்துக்கு யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை.

அவன் கத்தியைக் கீழே வைப்பதற்குள் தெருவில் கூச்சல் கேட்டது. ஏரிக்கு மாடு ஓட்டிப் போனவர்கள் ஓடி வந்திருந்தார்கள். மதகடியில் தண்ணீரே தெரியாமல் மீன் செத்து மிதக்கிறது, விரல்கடைக் குஞ்சுகூட மிஞ்சவில்லை என்றார்கள். அந்த இடத்தில் இத்தனை மீன் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று ஒருவர் கேட்க, எல்லோருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. கும்பல் அப்பாவு வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தபோது, இசக்கி முழங்கைவரை மீன் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அப்பாவுதான் முதலில் பேசினார். "இது இன்னா மீனு, இசக்கி?"

பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. "வெடி வச்ச மீன் அண்ணாச்சி. இப்பதான் அறுத்துப் பாத்தேன். மகாராஜா கொண்டாந்தான், படப்பையில வாங்கினேன்னான்…"

அப்போது ஐஸ் மூட்டையோடு மகாராஜா வந்து நின்றான். கும்பலைப் பார்த்தான், இசக்கியைப் பார்த்தான். இசக்கிக்கு அந்தக் கணத்தில்கூட நெஞ்சில் ஒரு நிம்மதி. வந்துவிட்டான், சொல்லிவிடுவான், என்ன தண்டம் போட்டாலும் இரண்டு பேருமாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தான்.

"நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதான வாரேன்" என்றான் மகாராஜா. உடம்பில் யூனிபார்ம் இருந்தது. "ஐஸ் வாங்கிட்டு வான்னான், வாங்கியாந்தேன். அண்ணாச்சி, நேத்தே சொன்னேன் இவன்கிட்ட. ஊர்க்காரவுக நமக்குச் சோறு போடுதாவ, இது வேண்டாம்லேன்னு தலையால அடிச்சுச் சொன்னேன். கேக்கல."

இசக்கி எழுந்து நின்றான். "ஏலே…" என்றான். வேண்டாம் என்று மகாராஜா சொன்னதாகச் சொன்ன அந்தப் பேச்சு அவ்வளவு நிஜமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இசக்கிக்கே ஒரு விநாடி, தான் எதையோ மறந்துவிட்டோமோ என்று இருந்தது. நான் இல்லை என்று அவன் சொல்ல ஆரம்பித்தபோது யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அப்பாவு ஓங்கி ஒரு அறை விட்டார். அதற்கு மேல் மற்றவர்கள் கை வைக்காமல் தடுத்தவரும் அவர்தான்.

கங்கம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். அவள் மட்டுமாவது கேட்பாள் என்று இசக்கி அவள் முகத்தைத் தேடினான். அவள் குனிந்து, அவன் முள்ளெடுத்து அடுக்கியிருந்த தட்டை எடுத்தாள். சாக்கடையில் கொட்டினாள்.

"உன் கையால துன்னேன் பாரு" என்றாள். "முள்ளு குத்தியே செத்திருக்கலாம்."

அன்றே மூட்டை கட்டச் சொன்னார்கள். மகாராஜா அந்த அறையிலேயே தங்கிக்கொண்டான்.

இசக்கி கொஞ்ச நாள் கம்பெனிக்குப் போனான். லைனில் எதிரெதிரே நின்று வேலை செய்ய வேண்டும். மகாராஜா யாரோ தெரியாதவன் மாதிரி சீட் உறையை நீட்டுவான், இவன் வாங்குவான். நயினார் வீட்டு விருந்து நின்றுபோகவில்லை, மீனை வேறு கடையில் வாங்கினார்களாம். மகாராஜாவின் பெயர் பர்மனென்டுக்குப் போனது. அந்தச் செய்தி வந்த வாரம் இசக்கி வேலையை விட்டான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கேண்டீன் காண்ட்ராக்டரிடம் சமையலுக்குச் சேர்ந்தான்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஆறியிருக்கும். ஊரில் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டபோது அம்மா முதல் வார்த்தையாகக் கேட்டாள்: "ஏலே, சோறு போட்ட ஊர்லயா வெடி வச்ச?"

"ஆரு சொன்னா?"

"மகாராஜாதான் வந்தப்ப சொன்னான். பாவம், அழுதுட்டாம்ல சொல்லும்போது."

இசக்கி போனை வைத்துவிட்டான். அவனுக்கும் மகாராஜாவுக்கும் ஒரே பால் கொடுத்தவள் அவள். அவளிடம் தன் பக்கம் பேசி நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்பதில் அவன் உடைந்துபோனான். அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஒரு மத்தியானம், கேண்டீன் பின்வாசலில் அப்பாவு வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார். பக்கத்து ஊர் கோபால் என்பவன், கல்குவாரியில் வேலை பார்ப்பவன், வேறொரு ஏரியில் தோட்டா போடப்போய்க் கையிலேயே வெடித்து விரல்களை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். தெரிந்தவன் என்று பார்க்கப்போன அப்பாவுவிடம் அழுதுகொண்டே பழையதையும் சொல்லிவிட்டான். அன்று தோட்டா கொண்டுவந்தவன் அவன். இடத்தைக் காட்டியவன் மகாராஜா. நைட் ஷிப்டுக்குப் போகாமல் யூனிபார்மை மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"நான் கை நீட்டிட்டேன் தம்பி. அத்த நெனச்சா தூக்கம் வர்றதில்ல. எங்கூட்ல அவளும் இன்னிவரிக்கும் மீனே தொடல. ஊரு சார்பா கூப்பிடறேன், வா."

"நீங்க நம்புனதுல தப்பில்ல அண்ணாச்சி" என்றான் இசக்கி. "அவன் பேசினது எனக்கே நெசம் மாதிரிதான் இருந்துச்சு. ஊருக்கு நான் வரல. எனக்காக நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும்."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். இசக்கி ஊர் நம்பரைப் போட்டு, அம்மா வந்ததும் ரிசீவரை அப்பாவு கையில் கொடுத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தான். அப்பாவு ஒரு கையால் காதை மூடிக்கொண்டு, தெற்கத்தி அம்மாளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னார். "உங்க புள்ள தப்பு பண்லமா. நாங்கதான் தப்பு பண்ட்டோம்." பாதியில் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ரிசீவரை வெளியே நீட்டினார்.

இசக்கி வாங்கிக் காதில் வைத்தான். "அப்பம் மகாராஜாவா?" என்றாள் அம்மா. "ஆமா" என்றான். "எம் பாலக் குடிச்ச பயலா?" என்றாள். "நீ வா. இந்தப் பொங்கலுக்கு வா" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் இசக்கி கம்பெனி வாசலில் காத்திருந்தான். ஷிப்ட் விட்டது. மகாராஜா பர்மனென்ட் ஆட்களின் பஸ்ஸை நோக்கி வந்தவன் இவனைப் பார்த்ததும் தயங்கினான். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தான்.

"பழச எதுக்குலே கிளறுத?" என்றான் முந்திக்கொண்டு. "கோபால் சொன்னது எனக்கும் தெரியும். அன்னைக்கு நான் மாட்டியிருந்தா வேலையும் போயிருக்கும். என் தங்கச்சி கல்யாணம் நின்னுருக்கும். உனக்கென்ன, ஒத்த ஆளு."

இசக்கி சண்டைக்கு வரவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கேன்" என்றான். "வெடி வச்ச, சரி. மாட்டிக்கிடுவோம்ங்குற பயத்துல எம்பேரச் சொன்ன, அதையும் விடு. அந்த மீன ஏன்லே என் கையில கொடுத்த? அறுத்ததும் எனக்குத் தெரிஞ்சுரும்னு உனக்குத் தெரியாதா?"

மகாராஜா உண்மையாகவே யோசித்தான். அவன் இதுவரை அதை நினைத்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சா என்னலே? நீ என்னக் காட்டிக்கொடுக்க மாட்டல்லா. அதான் கொடுத்தேன்."

பஸ் ஹாரன் அடித்தது. மகாராஜா ஓடிப்போய் ஏறிக்கொண்டான், ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. இசக்கி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். ஷேர் ஆட்டோக்காரன் இரண்டு தடவை கேட்ட பிறகுதான், தான் எங்கே போக வேண்டும் என்பதை அவனால் சொல்ல முடிந்தது.